கம்பு நுனியில் கரி

எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையின் தோளில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பானையை நான் வெளிப்பக்கம் தேய்த்துக் கழுவியதே இல்லை. உள்ளே கைவிட்டு அலசுவேன். அந்தப் பொட்டின் மேல் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்வேன். கேட்டவர்களிடம் அடுப்புக்கரி என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அது என் புருஷன் வைத்த பொட்டு.

அவர் சிலம்பக்காரர். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் காவல் வேலை பார்த்தார். அந்த வீட்டு முதலாளி அப்பச்சி ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தார். இங்கே அவர் பெண்சாதி ஆச்சியும் பிள்ளைகளும்தான். நான் அதே வீட்டுக்கு மாவு இடிக்கப் போவேன். மதுரையில் குஸ்தி பழகிவிட்டு வந்த என் தம்பியும் அங்கேயே இரண்டாவது காவலாகச் சேர்ந்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. மச்சானும் மச்சினனும் சோற்றில் கை வைத்தால் போதும், கம்பு பெரிசா குஸ்தி பெரிசா என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

"கம்பு கையில இருக்குறவரைக்குந்தான் மச்சான் நீங்க வீரரு. பிடுங்கிப்புட்டா என்ன செய்வீக?" என்பான் தம்பி.

"பிடுங்குற தூரத்துக்கு வரவிட்டாத்தானே மாப்புள" என்பார் இவர். "நீ ஒருத்தனைக் கட்டிப்பிடிச்சு உருண்டுக்கிட்டிருப்ப. அவன்கூட வந்தவன் என்ன, உக்காந்து வெத்தலையா போட்டுக்கிட்டு இருப்பான்?"

பக்கத்துத் தெரு வைத்தியர் ஒருவர் உண்டு. வர்மம் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். இவர்கள் சத்தம் கேட்டால் அவரும் வந்து நின்றுகொண்டு, கம்பும் வேண்டாம் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம், ஒரு விரல் போதும், ஆள் மரமாக நின்றுவிடுவான் என்பார். "அந்த வெரலை வச்சு மொதல்ல ஒங்க வீட்டுச் சேவலை நிப்பாட்டுங்க வைத்தியரே, எங்க நெல்லையெல்லாம் திங்குது" என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு என் முன்னால் அவர் விரலை நீட்டவில்லை.

எங்கள் பக்கத்துக் களத்தில் கம்பு விளையாட்டுக்கு ஒரு முறை இருந்தது. விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துக் கம்பு நுனியில் தடவிக்கொள்வார்கள். எதிராளியை அடிக்கக் கூடாது, தொட வேண்டும். தொட்ட இடத்தில் கறுப்பு விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. தொட்டவன் ஓர் எட்டு பின்னால் வைத்து, கம்பைத் தரையில் ஊன்றி நிற்பான். தொடப்பட்டவன் தலை குனிவான். பிறகு இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு மோர் குடிக்கப் போவார்கள்.

இவர் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆடிய ஆட்டம் அது. தினமும் விடிந்ததும் கரி தடவிக்கொண்டு முற்றத்தில் ஆடுவார். ஆடி முடித்தபின் துடைக்கவும் மாட்டார். சுவரெல்லாம் கறுப்பு, தூணெல்லாம் கறுப்பு, வெளுத்து வந்த வேட்டியிலும் கறுப்பு. நான் திட்டாத நாள் இல்லை. கடைசி நாள் காலையில் தண்ணீர் எடுத்துவந்தபோது, எட்ட நின்று கம்பை நீட்டி இடுப்பிலிருந்த பானையைத் தொட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓர் எட்டு பின்னால் வைத்து நின்று சிரித்தார். "இதத் தேய்க்கிறது ஆரு, ஒங்க ஆத்தாளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். அதுதான் வீட்டில் அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு. எனக்கு வாய் அப்படி.

ஆச்சியின் மகள் வலையபட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். பிரசவத்துக்கு வந்து போனவர் விட்டுவிட்டுப் போன நகைப்பெட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. பலகாரக் கூடைக்கு அடியில் பெட்டியை வைத்து, கூடையோடு என்னை வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக்கு முன்னால் இவர், பின்னால் தம்பி. வழியெல்லாம் அதே பேச்சுதான். மாட்டின் தலைக்கு மேலே இவர் ஒன்று சொல்ல, என் தலைக்கு மேலே அவன் ஒன்று சொல்ல, "ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்று நான் கத்திக்கொண்டே போனேன்.

நல்ல உச்சி வெயில். கண்மாய்க்கரை ஏறும்போது பனை மறைவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் சூரிக்கத்தி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் அத்தனை வருஷக் காவலில் ஒரு திருடனைக்கூட அடித்ததில்லை. அடிக்க வேண்டி வந்ததில்லை. கம்பு காற்றில் சுற்றுகிற சத்தத்திலேயே ஓடிவிடுவார்கள். இந்தக் கத்திக்காரன் ஓடவில்லை.

தம்பி மற்றவனைத் தூக்கி மண்ணில் அடித்து, மேலே ஏறி அமுக்கிக்கொண்டான். கத்திக்காரனால் இவரை நெருங்கவே முடியவில்லை. எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் கம்பு இருந்தது. எனக்குப் பயமே இல்லை என்றால் நம்புவீர்களா? முற்றத்தில் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கம்பு நேராக நீண்டு அவன் தொண்டைக்குழியைத் தொட்டது. குத்தியிருந்தால் அவன் அங்கேயே முடிந்திருப்பான். தொட்டது.

இவர் ஓர் எட்டு பின்னால் வைத்தார். கம்பை ஊன்றினார். நின்றார்.

கரைமண்ணில் அந்தக் கால் பின்னால் போன சத்தம் சரக்கென்று எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. சந்தையில் யாராவது மாட்டுக்கு ஒதுங்கிப் பின்வாங்கினால் கேட்கிறது. ஆளில்லாத முற்றத்தில், வெயில் காய்கிற நேரத்தில், கேட்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் யாரும் இல்லை என்பது உறுதியாகிவிடும்.

கத்திக்காரன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் அவன் தலை குனியக் காத்திருந்தார். அவன் பாய்ந்தான்.

தம்பி "மச்சான்!" என்று அலறி எழுந்திருக்கப் பார்த்தான். இப்போது அடியில் கிடந்தவன் இவனை விடவில்லை. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் பிய்த்துக்கொண்டு வருவதற்குள் கத்தி இறங்கியிருந்தது. வண்டிக்காரன் போட்ட கூச்சலில் வயல்வேலை ஆட்கள் ஓடிவர, இரண்டு பேரும் வெறுங்கையோடு ஓடினார்கள். நகைப்பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வலி என்று சொல்லவில்லை. "பாத்தியா? தொட்டேன்ல?" என்றார்.

"தொட்டீக" என்றேன். "நல்லாத் தொட்டீக."

சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பந்தலில் உட்கார்ந்து ஆம்பிளைகள் விவாதம் நடத்தினார்கள். கத்திக்குக் கம்பு ஆகாது என்றான் ஒருவன். வேல்கம்பாக இருந்தால் ஆகியிருக்கும் என்றான் இன்னொருவன். எட்ட நின்று வீசுகிற அந்தக் காலத்து வளரி ஒன்று கையில் இருந்தால் கிட்டவே வந்திருக்க மாட்டான் என்றார் ஒரு பெரியவர். வைத்தியர் தம் விரலை எடுத்தார். தம்பி ஒரு மூலையில் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் கோதாவில் இறங்கவே இல்லை. "பாவம், தோத்துட்டான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எழுந்து வெளியே வந்தேன். "அவுக தோக்கல. செயிச்சாக. செயிச்சுத்தான் செத்தாக" என்றேன். புத்தி பேதலித்துவிட்டது என்று என்னை உள்ளே இழுத்துப் போனார்கள். இவரைத் தோற்றவராகவே எரித்துவிடுவார்கள் என்பதுதான் அப்போது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எரித்தும்விட்டார்கள்.

கத்திக்காரனை அன்றைக்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த கோனார்கள் பிடித்துக் கட்டிவைத்திருந்தார்கள். தொண்டைக்குழியில் கறுப்புப் பொட்டோடு ஒருவன் மூச்சிரைக்க ஓடினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்று போலீஸ்காரர் வந்தார். தாலி அறுத்தவள் வாசல் தாண்டக் கூடாது, தம்பி போனால் போதும் என்றார்கள். "நான்தேன் பாத்தேன். நான்தேன் போவேன்" என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். என் வயசுதான் இருக்கும். கழுவியும் போகாமல் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது. அத்தனை சரியாக நடுக்குழியில். பெருமையாக இருந்தது எனக்கு. அந்த இடத்தில், அந்த நேரத்தில், பெருமையாக இருந்தது.

அவன்தான் முதலில் பேசினான். "ஒங்க வீட்டுக்காரராம்மா?"

நான் அந்தப் பொட்டையே பார்த்தேன்.

"கம்பு தொண்டைக்கு வந்துருச்சு. செத்தோம்னு நெனச்சேன். குத்தல. பின்னால போயி நின்னுக்கிட்டாரு. எதுக்கு நின்னாரு? பொழுதுக்கும் அதுதேன் மண்டைக்குள்ள ஓடுது. எதுக்கும்மா நின்னாரு?"

"நீ தோத்துட்ட" என்றேன். "தொட்டா முடிஞ்சது. தோத்தவன் தலை குனியணும். அதுக்குத்தேன் நின்னாக."

அவன் கட்டியிருந்த கைகளைத் தூக்கித் தொண்டைப் பொட்டைத் தடவினான். பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்தான்.

அதுவரை அழாத நான் அப்போதுதான் தலையிலடித்துக்கொண்டு கத்தினேன். "இதை அங்கன, கரையில செஞ்சிருக்கக் கூடாதாடா!"