சேலைக்கு விழாத கண்ணாத்தாள்

"தெனமும் விடியறதுக்கு முன்னாடி தரையில நெத்தி படிய விழறா. வருசத்துல ஒரு நாளு என்ற கால்ல விழுந்தா அவளுக்கு என்ன தேஞ்சா போயிரும்? நீயும் அவகூடச் சபைக்குப் போறவந்தானே, சொல்லு தம்பி."

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கும் சண்முகவேல் போன பொங்கலன்று என்னிடம் இப்படிக் கேட்டார். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அங்கே முட்டை அடுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் கேட்டது கண்ணாத்தாள் அக்காவைப் பற்றி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஞானஸ்நானத்தில் லேயாள் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கணவர் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் மகளோடு, வேலையாட்களுக்குப் பண்ணை கொடுத்த லைன் வீட்டில் இருந்தார். காலையில் வேலைக்கு இறங்குமுன் தீவன அறையில் மண்டியிட்டு, நெற்றியைச் சிமெண்டுத் தரையில் வைத்து, "ஆண்டவரே, இன்னைக்கும் நான் உம்முடையவ. என்ற இஷ்டம் வேண்டாம், உம்ம இஷ்டம் போதும்" என்பார். எழும்போது நெற்றியில் தவிடு ஒட்டியிருக்கும். பிறகு மற்றவர்கள் தள்ளிவிடும் வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். கூண்டுக்கு அடியில் எச்சம் வழிப்பார், செத்த கோழிகளைக் குழிக்குத் தூக்கிப் போவார். யார் ஏவினாலும் முகம் சுளிக்க மாட்டார். எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தப் பண்ணையில் பொங்கலுக்குச் சேலை கொடுப்பார்கள். முதலாளி காலில் விழுந்து எழுந்து வாங்க வேண்டும். அன்று அக்காவின் முறை வந்தபோது அவர் கைகூப்பி நின்றார்.

"கும்பிடறனுங்க. சேலைக்காக விழமாட்டனுங்க."

"அப்ப ஊட்டுக்காகவாச்சும் விழு" என்றார் சண்முகவேல். "இல்லீனா மாசக் கடைசியில காலி பண்ணு."

"சரிங்க" என்று அக்கா நகர்ந்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் சண்முகவேல் என் பக்கம் திரும்பி அப்படிக் கேட்டார். சாயங்காலம் எங்கள் பாஸ்டர்கூட, "வெறும் மரியாதைதானே, பணிஞ்சு போயிரும்மா" என்றார். "ஆண்டவருக்குப் பணிஞ்சுதானுங்க பாஸ்டர் இருக்கறேன். அதை வித்து ஊடு வாங்கச் சொல்றீங்களே" என்றார் அக்கா.

இரண்டு நாள் கழித்து மூன்றாம் கொட்டகையில் கோழிகள் மிரண்டன. கூண்டில் மோதி இறக்கை அடித்துக்கொண்டன. மறுநாள் ஓடு பிடிக்காத முட்டைகளாக விழுந்தன. பண்ணையில் எல்லோரும் நீலக் கோட்டு போட்டு, தலையில் நீலத் துணி கட்டித்தான் உள்ளே போவோம். கோழிகளுக்கு அந்த நிறம்தான் பழக்கம். வேறு நிறம் கண்டால் மிரளும்.

"மைதிலிதான். புதுச் சேலைச் சிவப்பு கோட்டுக்கு வெளிய தெரிஞ்சுது" என்று கண்ணாத்தாள் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார். மைதிலி வாழப்பாடியிலிருந்து புதிதாக வந்த பெண். "நான் மடிச்சுச் சொருகித்தான் போனேன்க்கா" என்று அழுதாள். சண்முகவேல் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

அடுத்த நாள் காலை அக்கா மூன்றாம் கொட்டகைக்குள் நுழைந்ததும் கோழிகள் மறுபடி இறக்கை அடித்தன. அக்கா தலையைத் தொட்டுப் பார்த்தார். நீலத் துணி பனியில் காயாத நாளில் அவர் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்வார். கோழிகள் முதலில் மிரண்ட அன்றும் அதைத்தான் கட்டியிருந்தார். கட்டியதையே மறந்துபோயிருந்தார்.

துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற மைதிலியின் காலில், அத்தனை பேர் பார்க்க, நெற்றி மண்ணில் படிய விழுந்தார்.

"என்ற தலைத் துண்டுதான் கண்ணு. உன்ற மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிரு."

"எந்திரிங்க்கா, என்னங்க்கா இது" என்று மைதிலி பதறினாள்.

சண்முகவேல் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு விழாதவ, நேத்து வந்தவ கால்ல விழறயா? முட்டை போனது எனக்குந்தானே? எனக்கும் விழு."

மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா நேராக நடந்துபோய் அவர் காலிலும் விழுந்தார்.

"கோழி மிரண்டது என்னாலதானுங்க. மன்னிச்சுக்குங்க."

சண்முகவேல் காலை இழுத்துக்கொண்டார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆபீஸுக்குள் போய், மிச்சமிருந்த சேலையை எடுத்து வந்து நீட்டினார். "விழுந்துட்டயல்ல. இந்தா. ஊட்டையும் வெச்சுக்க."

"வேண்டாமுங்க. தப்புக்கு விழுந்தேன். இத வாங்கிட்டா சேலைக்கு விழுந்த மாதிரி ஆயிருமுங்க."

"திமிருடி உனக்கு."

"இருக்கட்டுங்க. மைதிலிய மட்டும் வேலைக்குக் கூப்புட்டுக்கங்க."

மைதிலியைக் கூப்பிட்டுக்கொண்டார். அக்கா மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார். மைதிலியும் நானும் பாத்திரங்களைத் தூக்கிப் போனோம். அக்காவுக்கு இப்போது சேந்தமங்கலம் பக்கம் வேறொரு பண்ணையில் வேலை. ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகும். காலையில் நெற்றியில் தவிடு ஒட்டத்தான் செய்கிறது.

சண்முகவேலுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. விழுவதால் அக்காவுக்கு ஒன்றும் தேயவில்லை. மைதிலி காலிலும் விழுந்தார், உங்கள் காலிலும் விழுந்தார். ஆனால் காலையில் ஆண்டவரிடம் முழுசாகக் கொடுத்ததை மத்தியானம் ஒரு சேலைக்கு உங்களிடம் விற்க அவருக்கு உரிமை இல்லை. தாழ்மை என்றால் எல்லோருக்கும் பயப்படுவது என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறவர்கள் சபையிலும் இருக்கிறார்கள், வெளியிலும் இருக்கிறார்கள். இதைப் படித்தவர்கள் அவர்கள் காதில் போடுங்கள். உங்கள் ஊரில் திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கிய ஒருத்தி இருந்தால், முதலில் அவளிடம் சொல்லுங்கள்.