அப்பா வாசித்த மறுப்பு

என் தாய்மாமா புதுச்சேரிக்கு ஓடிப்போனபோது நான் சின்னஞ்சிறு பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியாரான அவர், மாலையானால் ஆற்று மணலில் நின்று சீமைத் துணிக்கு எதிராகப் பேசுவார். கூடப் பேசியவர்களைப் பிடித்து உள்ளே போட ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் ஆளும் ஊர். இங்குள்ள போலீஸ் அங்கே கை வைக்க முடியாது.

மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அப்பாவின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். மாமா போனபின் அத்தை வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. ராஜத்துரோகியின் பெண்டாட்டியும் சர்க்கார் சம்பளத்துச் சோற்றைத்தான் சாப்பிட்டாள்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டபோது எனக்கு எட்டு வயதிருக்கும். அப்போது ஒரு பேச்சுக் கிளம்பியது. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இப்போது ஒரே கட்சி. அதனால் புதுச்சேரியில் ஒதுங்கியிருப்பவர்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காக் கரையில் தள்ளும்படி நம் சர்க்கார் பிரெஞ்சுக்காரனை ரகசியமாக நெருக்குகிறதாம். ரயிலில் வந்த ஒரு ஜவுளி வியாபாரி சொன்னது. அத்தை அதை முதலில் நம்பவில்லை.

அந்த வாரமே ஏட்டையா வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் அதட்டவில்லை, மோர் வாங்கிக் குடித்தார். மாமாவின் போட்டோ ஏதும் உண்டா என்று பதமாகக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த, மாமா இருக்கும் பள்ளிக்கூடப் படத்தை அவரே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை அம்மாவிடம் சொன்னாள்:

“இந்த ஊர்ல அவுகளைத் தெரியாத போலீசு உண்டா, மதினி? அவுகளைப் பாத்தே இராத எவனுக்கோ படம் போகுது.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதை இறக்கவில்லை.

சில நாள் கழித்துத் தமுக்கடித்துக் கூட்டம் கூட்டினார்கள். தாசில்தார் வில்வண்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் சுமார். சர்க்கார் அறிக்கையை வாசித்தது அப்பா. கணீரென்ற குரல் அவருக்கு. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரெஞ்சு சர்க்காரிடம் நம் சர்க்கார் எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை, வைக்கும் உத்தேசமும் இல்லை, பொய் வதந்தி பரப்புகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அப்பா வாசித்தார். அதுவரை பேட்டையில் பாதிப்பேருக்கு அந்த வதந்தியே தெரியாது. அறிக்கையைக் கேட்டபிறகு எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் அதை நம்பவும் செய்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற எண்ணெய்க்கடைக்காரர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்.

“இல்லாத ஒண்ணுக்கு எதுக்குவே தமுக்கு அடிக்கான்?”

அத்தை என் கையை உதறினாள். ஆண்களை விலக்கிக்கொண்டு நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். தாசில்தாரை அவள் பார்க்கவே இல்லை.

“அண்ணாச்சி, அவுகளைக் கப்பலேத்தச் சொல்லிக் கேக்கலேன்னா, படத்தை எதுக்கு வாங்கிட்டுப் போனாவ?”

இந்தப் பெண் யார் என்று தாசில்தார் கேட்டார். என் தங்கை என்றார் அப்பா. போலீஸ் காரியம் வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் எழுந்தார். போகுமுன், கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். தண்டனை பற்றிய வாக்கியம். அப்பா தங்கையின் முகத்துக்கு நேராக அதை வாசித்தார்.

வீட்டில் அவர் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டாள்.

“நீங்க நம்புதியளா?”

“வாசிக்கச் சொன்னாவ. வாசிச்சேன்.”

அதன்பின் அத்தை அந்த வீட்டில் ஒரு வாய் சோறு தொடவில்லை. பக்கத்து வீட்டில் சாப்பிட்டாள். புதுச்சேரிக்குப் போக ஆள் துணை கிடைத்ததும் ரயிலேறிவிட்டாள். ஸ்டேஷனுக்கு வந்த அப்பா ஜன்னலருகே நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் போகவில்லை. அதையே அறிக்கை உண்மை என்பதற்குச் சாட்சியாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் புதுச்சேரியில் மாமாவுக்கு வீடு கொடுத்தவர்களை யாரோ மிரட்டினார்கள். வேலை கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள். மாமா தெருத்தெருவாக வீடு மாறி, கடற்கரைக் குடிசையொன்றில் காய்ச்சல் கண்டு இறந்தார். பிரெஞ்சுக்காரனிடம் எதுவும் கேட்கவில்லை என்றுதான் சர்க்கார் அப்போதும் சொன்னது. என்ன நெஞ்சழுத்தம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அன்று ஸ்டேஷனில் எனக்குக் கோபம் அத்தைமேல்தான். பாவம் அப்பா, யாரோ எழுதியதை வாசித்தவர். அவரைப் போய் இவள் ஏன் இப்படி வதைக்கிறாள் என்று அழுதேன். பட்டணத்துக் கவர்னரையும் லண்டன் மந்திரியையும் அவள் எங்கே போய்த் தேடுவாள்? அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த சர்க்கார் அப்பா ஒருவர்தான் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.