கிளென் ஈடனிலிருந்து லிச்சென்ஸ்டைனுக்கு, மவுண்ட் வெல்லிங்டன் வழியாக

லிச்சென்ஸ்டைனுக்கு நான் போனதில்லை, போகிற எண்ணமும் இல்லை. ஆனாலும் போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குட்டி ஐரோப்பிய நாட்டின் அரசியல் சாசனத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆக்லாந்தை மேற்கிலிருந்து கிழக்கு வரை பஸ்ஸில் சுற்றினேன். நியூசிலாந்தில் பதிவான சங்கங்கள் எல்லாம் புதுச் சட்டப்படி விதிகளை மாற்றி எழுத ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நீங்களும் ஏதாவது சங்கத்தில் இருந்தால் இப்படி ஒரு பயணம் உங்களுக்கும் ஒருநாள் வாய்க்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிறுவனர் அதற்கு முந்தைய வருடம் ஐரோப்பாச் சுற்றுலா போனார். லிச்சென்ஸ்டைனில் அரை நாள். பாஸ்போர்ட்டில் ஒரு நினைவு முத்திரை, ஃப்ரிட்ஜில் ஒட்ட ஒரு காந்தம், கூடவே ஒரு யோசனை. அந்த நாட்டில் இளவரசர் கையெழுத்துப் போடாமல் எந்தச் சட்டமும் செல்லாதாம், நாடு ஓகோவென்று இருக்கிறதாம். ஆகவே எங்கள் புது விதிகளில், 'நிறுவனர் அல்லது அவர் நியமிப்பவர்' ஒப்புதல் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்.

அந்த வரி வந்தால் முதலில் போவது நகரின் மேற்கே எங்கள் கிளென் ஈடன் கிளை நடத்தும் தமிழ் வகுப்பு. அதை மூடக்கூடாது என்று உறுப்பினர்கள் ஏற்கெனவே தீர்மானித்திருந்தோம். எல்லாப் பிள்ளைகளும் கிழக்கே சங்க ஹால் இருக்கும் மவுண்ட் வெல்லிங்டனுக்கே வரட்டும் என்பது அவர் முடிவு. என் மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். சனிக்கிழமை காலையில் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை வீட்டில் கிளம்புவார்கள்? பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாசனத்தைத் தேடி எடுத்து, ஆபீஸ் லஞ்ச் நேரங்களில் முழுதாகப் படித்தேன்.

1921-இல் எழுதியது. அரசு அதிகாரம் இளவரசரிடமும் மக்களிடமும் சேர்ந்தே இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் இளவரசர் கையெழுத்திடாவிட்டால் அது செத்தது. நிறுவனர் சொன்னது அதுவரை சரி. 2003-இல் இளவரசர் இன்னும் அதிகாரம் கேட்டார், தராவிட்டால் ஆஸ்திரியாவுக்குப் போய்விடுவேன் என்றார், மக்களும் வாக்களித்துக் கொடுத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அந்த மனிதர் கேட்டாவது வாங்கினார். அதே சாசனத்தில், ஆயிரத்து ஐந்நூறு குடிமக்கள் கையெழுத்திட்டால் இளவரசர் மேலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை மக்கள் வாக்குக்கு விடலாம் (கடைசி முடிவை அவர் குடும்பம் எடுக்கும் என்பது வேறு விஷயம்). மக்கள் நினைத்தால் மன்னராட்சியையே ஒழிக்கலாம், அதற்கு அவர் கையெழுத்து வேண்டாம். நாட்டிலுள்ள பதினோரு ஊர்களில் எதுவும் பெரும்பான்மை வாக்கெடுத்துப் பிரிந்துபோகும் வேலையைத் தொடங்கலாம். நிறுவனர் பாதிச் சாசனத்தைத்தான் சூட்கேஸில் கொண்டுவந்திருந்தார்!

மீதியிலிருந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம், கிளை பிரியும் உரிமை என்று இரண்டு திருத்தங்கள் எழுதினேன். இருபது உறுப்பினர்களின் கையெழுத்தோடு கொடுத்தால் கூட்டத்தில் வாக்குக்கு விட்டே ஆகவேண்டும், அது எங்கள் பழைய விதி. கூட்டத்தன்று காலையிலும் ஒரு கையெழுத்து குறைந்தது. அதற்காகத்தான் முதலில் வெஸ்ட்கேட்டில் ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் பயணம்.

கணவர் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டதால் ஒன்பது மணிக்குப் பஸ் ஏறினேன். ஹெண்டர்சனில் மாறவேண்டும். இரண்டாவது பஸ்ஸின் டிரைவர் முகம் தெரிந்த மலேசியத் தமிழர். "என்னா சிஸ்டர், சங்கத்து மீட்டிங்கா? நான் அப்பவே வெளிய வந்துட்டேன்லா. நம்ம பேசி என்னா ஆவப்போவுது?" என்றார். வெளியே வந்தவர் கையெழுத்து செல்லாது. எரிச்சலாக இருந்தது.

வெஸ்ட்கேட்டில் வசந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், தேத்தண்ணி தந்துவிட்டுத் தயங்கினார். "நாங்கள் இஞ்ச வந்த புதுசில அவர்தான் வாடகைக்கு வீடு பாத்துத் தந்தவர். அவருக்கு எதிரா எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"அவருக்கு எதிரா இல்லக்கா, அந்த வரிக்கு எதிரா."

அவர் தன் கோப்பையை ஓரமாகத் தள்ளினார். "ஓம், அவர் நல்ல மனுசன். ஆனா அவர் நியமிக்கிற ஆள் எப்பிடியோ?" பேனாவை வாங்கிக்கொண்டார். "நன்றி வேற, வோட்டு வேற. அங்க போய் அவரோட மரியாதையாக் கதையுங்கோ, என்ன?"

ஞாயிறு என்பதால் ரயில் பாதையில் வேலை, வழக்கம்போல மாற்றுப் பஸ். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டயர் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஹாலுக்கு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"நான் நேர்ல போய்ப் பாத்தவன்மா. நீ போயிருக்கியா?" என்றார் நிறுவனர்.

"இல்ல சார். ஆனா முழுசாப் படிச்சிருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. முதல் திருத்தம் நிறைவேறினால் இன்றே விலகிவிடுவேன் என்றார். "அந்த இளவரசரும் ஆஸ்திரியா போறேன்னுதான் சொன்னார் சார்" என்றேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கைகள் உயரவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது, அவருடைய வரி ஜெயித்தது. சிரித்தவர்களே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது திருத்தம், கிளை பிரியும் உரிமை, வந்தது. "போறவங்க தாராளமாப் போகட்டும்! எங்க போயிடப் போறாங்க?" என்று முதல் கையை அவரே தூக்கினார். ஹாலும் தூக்கியது. புது விதிப்படி அதற்கும் அவர் ஒப்புதல் வேண்டுமே? சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே கிளென் ஈடன்காரர்கள் கூடி, வாக்கெடுத்து, பிரிந்துவிட்டோம். வீட்டில் சொன்னதும் மகள் கேட்டாள்: "ஸோ, நோ மவுண்ட் வெல்லிங்டன்?"

இதே பாதையில் போகிறவர்களுக்கு: பஸ், ரயிலுக்கான ஹாப் கார்டில் ஏழு நாளைக்கு ஐம்பது டாலருக்கு மேல் பிடிக்கமாட்டார்கள், அலைய அஞ்சவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்பாதீர்கள். யாராவது வெளிநாட்டு உதாரணம் காட்டினால் முழுதாக வாங்கிப் படியுங்கள். சண்டை போடுங்கள், தோற்றாலும் ஹாலை விட்டு எழுந்து போகாதீர்கள், அடுத்த வாக்கெடுப்பு பாக்கி இருக்கும்.

எங்கள் வகுப்புக்குப் பாதை தெரியவேண்டுமா? கிளென் ஈடன் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு வசந்தி அக்கா சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், யார் கையெழுத்தும் வேண்டாம்.