வலி இல்லை என்று நான் சொன்னேன்

போன வருடம் ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை செம்பூரில் ஒரு விளையாட்டு அரங்கத்தின் உடை மாற்றும் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். சிறுமிகள் ஐந்து பேர், அதில் ஒருத்தி என் மகள். பல்கேரியா தேசத்திலிருந்து வந்திருந்த கோச். மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு சிறுமியின் அம்மா. அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. இதை ஏன் இத்தனை கறாராகச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு கமிட்டிக்காரர்கள் விசாரித்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் சரியாகச் சொல்லவில்லை.

தாராவியில் எங்களுக்குக் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் இரும்பு ஏணி. கீழே என் தையல் மெஷின் இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படிப்பு இல்லாததாலோ என்னவோ, எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று சயான் ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். "ஒங்கம்மைக்கு மழ பெஞ்சாலும் பயம், பெய்யலைன்னாலும் பயம்" என்று வீட்டுக்காரர் மகளிடம் கேலி பேசுவார்.

மகளுக்கு உடம்பு நன்றாக வளைகிறது என்று ஸ்கூலில் பி.டி. டீச்சர்தான் செம்பூருக்கு அனுப்பினார். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பெயர். பாட்டுக்கு ஏற்றபடி வளையத்தையும் பந்தையும் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். என் மகள் இருந்தது குரூப்பில். ஐந்து பேர், இரண்டரை நிமிடம். ஒருத்தி எறிகிற வளையத்தை இன்னொருத்தி திரும்பிப் பார்க்காமலே பிடிப்பாள். உயரம், உடுப்பு, தலைமுடி எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒருத்தி நின்றுவிட்டால் மற்ற நான்கு பேரும் ஆட முடியாது. மாற்றுக்கு ஆறாவதாக ஒரு பெண் இருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

கோச்சுக்கு இருபத்தொரு வயதுதான். ஒரு வருடக் காண்டிராக்டில் வந்திருந்தாள். என்னிடம் பேசுவதென்றால் போனில் அவள் பாஷையில் சொல்வாள், போன் அதைத் தமிழில் சொல்லும். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். முதல்முறை அது "வணக்கம் தாயே, தயவுசெய்து அமருங்கள்" என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஐந்து பேரும் என்னைக் கூப்பிடுவதே "தாயே"தான். "தாயே, என் ஹேர்பின் எங்க?"

ஐந்து பேருக்கும் போட்டி உடுப்பு தைத்தது நான்தான். அளவெடுக்கப் போன ஒரு சாயங்காலம், அந்தக் கோச் பெண் ஷூவைக் கழற்றித் தன் இடது காலைக் காட்டினாள். பாதத்தின் மேல் வரிசையாகத் தையல் தழும்பு. போன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வயதில் ஆரம்பித்தாளாம். ஒன்பது வயதில் வீட்டை விட்டுத் தலைநகரத்தில் ஹாஸ்டல். பதினான்கில் அவர்கள் தேசத்து குரூப்பின் ஐவரில் ஒருத்தியாக எடுத்தார்கள். பல தேசங்களில் மெடல். பதினாறில் கால் வலித்தது. மற்ற நான்கு பேருக்காக ஒரு மாதம் மறைத்தாள். அவளுடைய அம்மாவுக்குத் தெரியும், அவரும் வாயைத் திறக்கவில்லை. எலும்பு உடைந்தது, இரண்டு ஸ்க்ரூ போட்டார்கள், அதோடு முடிந்தது. "அடுத்த வாரம் என் உடுப்பை இன்னொருத்தி அணிந்தாள். அளவு சரியாக இருந்தது" என்றது போன். நான் தைக்கிறவள். அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகள் மேலறைக்குப் போய்ப் படுப்பதை நிறுத்தினாள். அவள் பாவாடை சட்டையெல்லாம் மேலேதான். எடுக்கப் போனால் இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"ஏட்டி, கால் வலிக்கா?"

"இல்லம்மா."

"பெறவு ஏன் கீழ படுக்க?"

"மேல வெக்கையா இருக்கு."

ஜனவரி மாதத்தில் வெக்கையாம். இடது பாதத்தைத் தொட்டேன், காலை இழுத்துக்கொண்டு அழுதுவிட்டாள். "சொல்லிராதம்மா. நான் நின்னா அவளுவ நாலு பேரும் வெளிய. எல்லாரும் என்னயத்தான் பேசுவாளுவ. நீ எப்பவும் டென்ஷன் எடுப்ப, இந்த ஒரு தடவ எடுக்காத."

சொல்லத்தான் நினைத்தேன். மறுநாள் மாட்டுங்கா அம்மாவிடம் "மாமி, பிள்ளைக்குக் கால்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ, ஆரம்பிச்சுட்டேளா?" என்றார் அவர். "போன வாரம் வளையம் கண்ணுல பட்டுடும்னேள். அதுக்கு முன்னாடி ஃபேன் கழண்டு விழும்னேள். உங்க பயம்தான் குழந்தேளுக்கு ஒட்டிக்கறது." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

போட்டி நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக்காக ஒருமுறை குதித்துவிட்டு மகள் உடை மாற்றும் அறைக்குள் வந்தாள். கோச் பின்னாலேயே வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். மகளின் சிரித்த முகம் மாறவில்லை. வீட்டில் என்னைத் தொட விடாதவள். கோச் எழுந்து போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தாயே, அவளுக்கு வலி இருக்கிறதா? இருந்தால் ஐந்து பேரின் பெயரையும் எடுத்துவிடுகிறேன். எனக்குக் கோபம் வராது."

ஐந்து பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் தைத்த நீல உடுப்பில், நான் ஒட்டிய கற்கள் மின்ன நின்றார்கள். மாட்டுங்கா மாமி கையைக் கட்டிக்கொண்டு, இப்போது என்ன சொல்லப் போகிறாளோ என்பதுபோல் பார்த்தார். போனுக்குப் புரிய வேண்டுமே என்று நான் திருத்தமாகச் சொன்னேன்: "வலி இல்லை."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். சிரித்தாள். போனில் ஏதோ சொன்னாள். போன் பேசியது: "நீங்கள் எல்லாவற்றுக்கும் பயப்படும் தாய். நீங்களே பயப்படவில்லை என்றால் நான் நம்புகிறேன்."

இரண்டரை நிமிடமும் நான் இடது காலை மட்டும்தான் பார்த்தேன். கடைசியில் ஒரு உயரமான எறிதல். மகள் தாவிப் பிடித்து, கீழே வந்து, மண்டி போட்டுக் கையை விரித்தாள். பாட்டு நின்றது. நான்கு பேர் எழுந்தார்கள், என் மகள் எழவில்லை. கை விரித்தது விரித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள். இதுவும் ஆட்டம்தான் என்று ஜனங்கள் கை தட்டினார்கள். கோச்தான் ஓடிப்போய்த் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் டெபாசிட் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். என் கையில் பஸ் காசு, வீட்டுக்காரர் வந்து சேர நேரமாகும். அந்தப் பெண் தன் பையைத் திறந்து பன்னிரண்டாயிரம் ரூபாயை எண்ணிக் கட்டினாள். எலும்பில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது, இன்று உடைந்துவிட்டது, ஸ்க்ரூ போட வேண்டும், நடக்கலாம், குதிக்க முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அவள் தன் இடது காலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம், அவளை வேலைக்கு வைத்த கமிட்டி எங்களைக் கூப்பிட்டது. வலி தெரிந்தே கோச் என் மகளை ஆட விட்டாளா என்பதுதான் கேள்வி. "அமுக்கிப் பாத்தாளே, தெரியாம இருக்குமா?" என்றார் மாட்டுங்கா மாமி. அப்புறம் என்னிடம் கேட்டார்கள். நான் சொன்னது இதுதான்: "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

யாரோ அதை அவளுக்கு இங்கிலீஷில் சொன்னார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். போன் அவள் மடியில்தான் இருந்தது. அதை எடுத்து என் முன்னால் நீட்டுவாள் என்று காத்திருந்தேன். நீட்டவில்லை. அந்த மாதக் கடைசியில் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று குரூப்புக்கு இரண்டாம் இடம் கிடைத்திருந்தது. அடுத்த போட்டிக்கு மகள் இடத்தில் வேறு பெண் வந்தாள். உடுப்பைக் கேட்டார்கள். இடுப்பில் அரை அங்குலம் பிடித்துத் தைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மகள் இப்போது ஏணியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள். "நாந்தான சொல்லாதன்னேன், விடும்மா" என்கிறாள். கமிட்டியில் நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பணம் சேர்ந்துவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு கவரில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் நம்பர் மகள் போனில் இருக்கிறது. ஆனால் பணத்தைக் கொடுக்க அவளிடம் பேச வேண்டும், பேசினால் நான் சொன்ன இரண்டு பொய்யையும் முதலில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு இன்றைக்கும் பெரிய பயம் அதுதான், அதனால் அவளுக்கு நான் தர வேண்டிய பன்னிரண்டாயிரம் ரூபாய் இன்னும் பாக்கி.