பதினாறு பேருக்கும் ஒரே அப்பா

மூன்று வருடங்களுக்கு முன், நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்திவந்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டிலிருக்கும் கணவரிடம் போகக் காத்திருந்த பெண்கள். விசா கிடைக்க, கொழும்பில் ஒரு பேச்சுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

எனக்கு எதிலும் அவசரம். கேன், மே, மஸ்ட், ஷுட் என்று துணைவினைகளை விளக்கி விளக்கிப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றையும் வைத்து ஒரு பக்கம் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்துப் வகுப்பிலிருந்த பதினாறு பேருக்கும் கொடுத்து, பாடமாக்கச் சொல்லிவிட்டேன். டியூட்டரி வகுப்புத் தாளை ஒப்புவித்தே கம்பஸ் வரை வந்தவள் நான். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. 'என் அப்பா விவசாயி. அவர் விடியமுன் எழும்ப வேண்டும். அவரால் நல்ல வெங்காயம் விளைவிக்க முடியும்' என்று ஆங்கிலத்தில் போகும் அந்தத் தாள். உண்மையில் அது என் அப்பா.

குருநகரிலிருந்து ஓர் அக்கா வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் வெளிநாடு போனபோது வயிற்றிலிருந்த மகளுக்கு அப்போது நான்கு வயது. தகப்பனை அவள் போனில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அக்கா தாளை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடமாக்கியிருந்தார்.

பரீட்சையன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்த்தேன். அழைப்பே வரவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, தவறிவிட்டது என்றார்.

பாடமாக்கியதை மறந்துவிட்டீர்களா என்று எரிந்து விழுந்தேன். மறக்கவில்லையாம், முழுவதையும் சொன்னாராம். மழை விடாமல் பெய்தால் வெங்காயத்துக்கு அப்பா என்ன செய்ய வேண்டும் என்று பரீட்சகர் கேட்டிருக்கிறார். அதோடு வாயடைத்துப்போனதாம். பிறகு கேட்டது எதுவும் காதில் ஏறவில்லையாம்.

"மிஸ், என்ரை அப்பா கடலுக்குப் போறவர். வெங்காயத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? முதல் நாளே அதைச் சொல்ல வந்தனான். தாளில இருக்கிறதைச் சொல்லுங்கோ எண்டிட்டியள்."

பிறகு, "குறை நினையாதேங்கோ, உங்கடை பேரைக் கெடுத்துப்போட்டன்," என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு குழந்தை தகப்பனைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டது அவரல்ல, என் அவசரம்.

தாள்களைத் தூக்கி எறிந்துவிட்டு, உங்கள் அப்பாவைப் பற்றியே சொல்லுங்கள் என்றேன். தட்டுத்தடுமாறித் தொடங்கினார். காற்றைப் பார்க்காமல் வள்ளத்தை இறக்கக் கூடாது. இன்றைக்கு மீன் படலாம், படாமலும் போகலாம். முன்பெல்லாம் அப்பாவால் ஆழத்துக்கு மூழ்கிச் சுழியோட முடியும், இப்போது மூச்சு இழுக்கிறது, முடியாது. நான் மாதக்கணக்காகப் புகட்டப் பார்த்த துணைவினைகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இரண்டாம் பரீட்சையன்று என் தவிப்பு முதல் முறையை விட மோசம். போனைக் கையிலிருந்து வைக்கவேயில்லை. பின்னேரம் அழைப்பு வந்தது. பரீட்சகர் கடலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம். சித்தியடைந்துவிட்டார்.

விசா வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு பயணம் சொல்ல வந்தார். அன்று எப்படியும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே குளிர், பிள்ளைக்குத் தடித்த சுவெட்டர் கொண்டுபோங்கள் என்று தேவையில்லாததெல்லாம் கதைத்து முடிப்பதற்குள், வெளியே காத்துநின்ற ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் பணிவாக மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அக்காவிடம் தமிழில் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.