சீமாட்டிக்கு ஒரு பொன்னாடை

வெள்ளைக் கம்பளி நூலில் செய்த பொய்முடி தலையில் ஏறியதும் உச்சியில் தொடங்கும் அரிப்பு மெல்ல மெல்லக் காதுவரை இறங்கும்; சொறிந்தாலோ முகத்தில் அப்பிய பவுடர் பொலபொலவென்று உதிரும். பதினான்கு வயதில், ரொறொன்ரோப் பக்கத்து மில்லிக்கனில் எங்கள் பள்ளிக்கூட மேடைக்குப் பின்னால், அந்த அரிப்போடு நின்ற சனிக்கிழமைகளைப் போலச் சந்தோசமான நாட்கள் எனக்கு அதற்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

நாடகம் எங்கள் ஆசிரியையே எழுதியது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நடக்கும் நகைச்சுவை. வயதான எசமானி ஊரில் இல்லாத நாளில் வீட்டு வேலைக்காரி அவளுடைய உடுப்பையும் பொய்முடியையும் போட்டுப் பார்க்க, முன்பின் கண்டிராத விருந்தாளிகள் அவளையே சீமாட்டி என்று நம்பிவிட, அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற வேறொன்று என்று கதை ஓடும். வேலைக்காரி நான். ஆள்மாறாட்டம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை, ஏனென்றால் வீட்டில் ஏற்கனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒத்திகை நடக்கும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் நூலகத்தில் கணக்கு "ரியூஷனில்" இருப்பதாகத்தான் அம்மாவும் அப்பாவும் நம்பினார்கள்.

அப்பாவுக்கு நாடகம் என்றால் "கூத்தடிக்கிறது". "படிக்கிற பிள்ளைக்கு உது எதுக்கு?" என்று ஒருமுறை சொன்னார், அதோடு பேச்சு முடிந்தது. தெரிந்தால் அன்றே நிறுத்திவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரோ ஊர்ச் சங்கத்துச் செயலாளர், ஏறாத மேடை கிடையாது. காரின் பின்பெட்டியில் எந்நேரமும் இரண்டு பொன்னாடைகள் பிளாஸ்ரிக் உறையோடு இருக்கும். அழைப்பிதழில் ஐந்து மணி என்று இருந்தால் ஆறரைக்குத்தான் போய்ச் சேருவார். "ரைமுக்குப் போனா கதிரை அடுக்க விட்டிடுவாங்கள்" என்பது அவர் கண்ட அனுபவம்.

நாடகமும் ஒரு சனிக்கிழமைதான்; பகல் இரண்டு மணிக்கு ஆரம்பம். ஆசிரியை அந்தப் பக்கத்துச் சங்கங்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பியிருந்தார் என்பதும், ஒன்று அப்பாவின் கைக்குப் போயிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. சங்க விசயங்களை அவர் வீட்டில் கதைப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் அதிபர் அம்மா வந்திருக்கிறார், அவருக்கு ஒரு கௌரவம் செய்துவிடுவோம் என்று நினைத்து, தன் வழக்கப்படி மூன்றரைக்கு வந்து சேர்ந்தார்.

கடைசிக் காட்சியில் பாத்திரங்கள் எல்லாரும் வரிசையாகக் கதிரைகளில் இருந்து படம் பிடித்துக்கொள்வார்கள். அப்பா பக்கக் கதவைத் திறந்தபோது கண்டது அதைத்தான்: நடுவிலே பெரிய கதிரையில் வெள்ளைத் தலையோடு ஒரு பெருமாட்டி, இரு பக்கமும் பிரமுகர்கள், முன்னால் ஒரு படப்பிடிப்பாளர். ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களின் விழா ஒன்றையாவது கண்டவருக்கு இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. நல்லவேளை, இப்போதுதான் விழா தொடங்குகிறது என்று நினைத்து, பொன்னாடையை விரித்தபடியே படியேறினார். புதுப் பாத்திரம் ஒன்று வருகிறது என்று சபை கைதட்டியது.

எனக்கு எழும்பவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. இரண்டு கைகளாலும் பொன்னாடையைப் போர்த்தி, "மடம், எங்கள் சங்கத்தின் சார்பில்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கியவர், நுனியைச் சரிசெய்யக் குனிந்தபோது என் முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. முடிந்தது கதை, இத்தனை பேருக்கு முன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரியூஷன் முடிஞ்சுதோ, மடம்?" என்றார், எனக்கு மட்டும் கேட்க.

பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, ஒரு மந்திரியைப் போலக் கைகூப்பினார். எனக்குக் கிடைத்ததை விடப் பெரிய கைதட்டல் அவருக்குக் கிடைத்தது. ஓரத்தில் காலியாகக் கிடந்த கதிரையில் போய் இருந்து, படப்பிடிப்பாளரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார். திரை மூடியது.

காரில் இரண்டாவது சிக்னல் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விடமாட்டீங்கள் எண்டு பயம், அப்பா."

"ஓம். விட்டிருக்கமாட்டன்தான்" என்றார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "உந்தப் பவுடரை வடிவாத் துடை. கொம்மாவுக்கு ஒண்டும் தெரியாது." அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கிய சனிக்கிழமையிலிருந்து என்னை "ரியூஷனுக்கு" ஏற்றிப்போனது அவர்தான். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த மேடை இப்போது இல்லை. நடுவில் சுவர் வைத்து இரண்டு வகுப்பறைகளாக்கிவிட்டார்கள். அப்பா இப்போது ரூஜ் பக்கம் என் தம்பியின் வீட்டில் இருக்கிறார். குரல் இறங்கிவிட்டது, எதைக் கேட்டாலும் "உனக்குச் சரியெண்டாச் செய் பிள்ளை" என்கிறார். பிறம்ரனில் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் பத்து வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் நாடகத்தோடு போவதென்று போன மாதம் முடிவெடுத்தேன். அவர் என்னென்ன சொல்லித் தடுப்பார், அதற்கு நான் என்ன சொல்வது என்று ஒரு கிழமையாக வசனம் பாடமாக்குவது போலப் பாடமாக்கிக்கொண்டு, வேலைத்தல வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து அவரை அழைத்தேன். "செய் பிள்ளை" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்த அப்பாவுக்குப் பயந்து பொய் சொன்ன காலத்துக்காக ஏங்குவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பாடமாக்கிய பதில்கள் ஒன்றும் தேவைப்படாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதேன்.