எட்டு வினாடி மூச்சு

மென்று துப்பிய புகையிலையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உதட்டுக்குள் ஊறவைத்து எடுத்த புகையிலையை என்னால் பொறுக்கவே முடியாது. எங்கள் ஸ்கார்விக்கா ஊர் ஆண்கள் அதைச் சின்னப் பொட்டலமாக மேலுதட்டுக்கு அடியில் செருகிக்கொள்வார்கள். ஸ்னூஸ் என்று பெயர். ஊறி முடிந்ததும் கை எங்கே எட்டுகிறதோ அங்கே ஒட்டிவிடுவார்கள். ஊர் ஜெபவீட்டின் சாவியும் துடைப்பமும் என்னிடம் இருப்பதால் சுரண்டுவது என் தலைவிதி. நாற்காலிக்கு அடியில் சுரண்டியிருக்கிறேன், காப்பிக் கோப்பையில் சுரண்டியிருக்கிறேன். நான் சொல்லப்போகும் அந்த வருடம் பழைய ஆர்கனின் கட்டைகளுக்கு நடுவிலும் சுரண்டினேன்.

நான் ஒன்றும் சட்டென்று குமட்டுகிற ஆள் இல்லை. அவித்த ஆட்டுத்தலை வந்தால் கண்ணைத்தான் முதலில் தோண்டித் தின்பேன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு இசைத்தட்டைப் பார்த்தால் இன்றும் வாயிலிருப்பதைத் துப்பத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் யோருனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

யோருன் என்னோடு படித்தவள். பள்ளியின் பாண்டு வாத்தியக் குழுவில் எல்லோருக்கும் கொடுத்ததுபோக மிச்சமிருந்த ஒரு புல்லாங்குழலை அவள் கையில் திணித்தார்கள். மே பதினேழு, எங்கள் தேசிய நாள் ஊர்வலத்தில் பனியும் மழையும் கலந்து முகத்தில் அடிக்கும். மற்றப் பிள்ளைகள் வாத்தியத்தைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்ளும். இவள் உதடு நீலம் பாரிக்க ஊதிக்கொண்டே போவாள். பள்ளி முடிந்ததும் சால்மன் மீன் வெட்டும் ஆலையில் சேர்ந்தாள், அங்கேயே தங்கிவிட்டாள். கணவன் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு வேலைக்குப் போனான், அங்கிருந்து நகரத்துக்குப் போனான், நகரத்திலிருந்து இன்னொருத்தியிடம் போனான். யோருன் தன் காப்பி இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குப் போய், ரப்பர் பூட்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்து குழல் ஊதுவாள். அவளாகவே கட்டிய ஒரு மெட்டு உண்டு. கீழே இறங்கி, தயங்கி, சட்டென்று ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும். மீன்குடலை அலசிக்கொண்டே அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் முணுமுணுப்போம். நானும் ஏழு வருடம் அந்த ஆலையில் குப்பை கொட்டியவள்தான்.

ஐஸிலேயே கிடந்த கை. ஐம்பத்திரண்டு வயதில் வலது மோதிர விரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"டாக்டர் என்னடீ சொன்னான்?" என்று கேட்டேன்.

"அடுத்த குளிர்காலத்துக்குள்ள இது மடங்காதாம். கத்தி பிடிக்கலாமாம். குழல் முடியாதாம்."

"அது எப்படிடீ கத்தி மட்டும் முடியும்?"

"கத்திக்கு முஷ்டி போதும் ஹெர்டிஸ்." சிரித்தாள். அப்புறம் விரலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு இசைத்தட்டுல நான் வாசிச்சது இருக்கணும். என் மெட்டு, என் பேரு. அது போதும் எனக்கு. அதுக்கப்புறம் இந்த விரல் எக்கேடு கெட்டுப்போனாலும் கவலையில்ல."

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஸ்டோலெ வந்தான்.

ஸ்டோலெவும் எங்கள் வகுப்புத்தான். மின்வாரியத்தில் பெரிய உத்தியோகம். வார இறுதியில் மட்டும் அவனுக்கு வேறு பிறவி. எங்கள் அம்மாக்கள் ஜன்னலில் தொங்கவிட்ட திரைச்சீலையை வெட்டித் தைத்ததுபோல ஒரு பூப்போட்ட சட்டை, நெற்றியில் ஒரு பட்டை. அவனைப்போலவே இன்னும் மூன்று நரைத்தலைகள் சேர்ந்து ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். ஆரம்பத்தில் பனிமூட்டம், நடுவில் பனிமூட்டம், முடியும்போது சிகரத்தில் வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அண்டவெளிக்கே போய்விடலாம் என்பார்கள். நான் தூங்கித்தான் போனேன். ஸ்டோலெ, பள்ளிக்கூட பாண்டுக்கு நிதி திரட்ட நடக்கும் பழைய சாமான் சந்தைகளில் யாரும் தீண்டாத ஆர்கன்களையும் மின்சாரக் கட்டைப் பெட்டிகளையும் தேடித்தேடிச் சேர்த்திருந்தான். கம்ப்யூட்டர் அறவே கூடாது. முன்பு எங்கள் ஜெபவீட்டில் நடனம் எவ்வளவு பெரிய பாவமோ, அவனுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவு பெரிய பாவம்.

அவன் சேர்த்ததிலேயே மகாராணி ஒரு மெல்லோட்ரான். நான் அதை நாடாப்பெட்டி என்பேன். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், அதில் பதிந்திருக்கும் ஒற்றை ஸ்வரம் கேட்கும். எட்டு வினாடியில் நாடா தீர்ந்துவிடும். கையை எடுத்தால் பின்னால் ஓடிப்போய் மறுபடி தயாராக நிற்கும். வயலின் கேட்கிறதோ குழல் கேட்கிறதோ, எல்லாம் என்றோ எவரோ வாசித்து வைத்துவிட்டுப் போன மூச்சு.

ஸ்டோலெ ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான். "நம்ம ஜெபவீட்லயே தட்டு பதியப்போறோம். ஊரே சேர்ந்து ஒரு டுக்னாட்டா செஞ்சுடலாம்."

டுக்னாட் என்றால் சிரமதானம். வேலியடிப்பதோ பள்ளிக்கூடத்துக்கு வண்ணமடிப்பதோ, கூலியில்லாமல் எல்லோரும் வருவார்கள், வாஃபிள் என்ற கட்டம்போட்ட அப்பத்தைத் தின்பார்கள், போவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று பேர் சொல்வது எங்கள் ஊரில் மகா கேவலம். இது எதற்கு என்று கேட்பது அதைவிடக் கேவலம். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் எங்கள் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கையை நீட்டிவிடுவார்கள். ஸ்டோலெவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆர்கனை நான்கு பேர் படியேற்றினார்கள், ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் வாஃபிளுக்கு மாவு கரைத்தேன். யோருனிடம் வந்து ஸ்டோலெ குழைந்தான்.

"யோருன், உன் குழல் இல்லாம இந்தத் தட்டே கிடையாது. உன் மெட்டுதான் கடைசிப் பாட்டு. அதுக்கு முன்னாடி அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் ஒவ்வொரு ஸ்வரமா நீளமா ஊதிக்கொடு. மைக் அளவு பாக்கணும்."

இரண்டு சனிக்கிழமை நின்று ஊதினாள். ஹீட்டர் இரைகிறது என்று அணைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் புகையாக வந்தது. கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசையாமல் இழுத்தாள். மோதிர விரல் அழுத்தவேண்டிய ஒரு ஸ்வரம் வந்தபோது விரல் நடுங்கியது, ஒலியும் நடுங்கியது.

"இத இன்னொரு தடவை எடுத்துக்கறேன்," என்றாள்.

"வேணாம் வேணாம், அளவு பாக்கத்தானே," என்றான் அவன்.

"இவ்வளவு நீளமா எதுக்குடா ஊதச் சொல்றே?" என்று நான் வாயை விட்டேன். உடனே நரைத்தலைகள் நாலும், ஏன் யோருனும்கூட, என்னைச் சபை நடுவே ஏப்பம் விட்டவளைப்போலப் பார்த்தார்கள். நான் வாஃபிளைத் திருப்பிப்போடப் போய்விட்டேன்.

அப்புறம், மெட்டைப் பதிய எப்போது கூப்பிடுவான் என்று யோருன் காத்திருந்தாள். தினமும் ஆலையிலிருந்து வந்ததும் வெந்நீரில் கையை ஊறவைத்து, மெட்டை ஒரு முறை வாசித்துப் பார்ப்பாள். விரல் நல்லபடியாக இருக்கும் நாட்களை மிச்சம் பிடிப்பதுபோல, அதற்குமேல் வாசிக்கமாட்டாள். கூப்பிட்டுச் சொல்கிறேன் என்ற ஸ்டோலெ கூப்பிடவில்லை. வசந்தம் வந்தது, தட்டும் வந்தது. 'பனிமூட்டத்தின் அடிவயிறு' என்று பெயர். அட்டையில் ஒரு திமிங்கிலம் தேவாலயத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

வெளியீடு ஜெபவீட்டிலேயே நடந்தது. ஆட்டுத்தலை, உருளைக்கிழங்கு, பீர். யோருன் நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள், கடைசிப் பாட்டு வந்தது. ஆர்கன் உறுமி அடங்கியபின் குழல் கிளம்பியது. அவளுடைய மெட்டு. அவளுடைய ஒலி. அவள் கையிலிருந்த முட்கரண்டி தட்டில் விழுந்தது.

"ஹெர்டிஸ், இது எப்போ நான் வாசிச்சேன்?" என்று என் காதில் கேட்டாள்.

நான் அட்டையைத் திருப்பினேன். ஸ்டோலெ: ஆர்கன், மெல்லோட்ரான், குழல் நாடாக்கள். மெட்டு: குழுவினர். அடியில் பொடி எழுத்தில், டுக்னாட்டில் கைகொடுத்த ஊராருக்கு நன்றி. இடுப்பு பிடித்தவனும் மாவு கரைத்தவளும் இவளும் ஒரே வரியில் அடங்கிப்போனோம். அவள் இழுத்துவைத்த மூச்சுகளை எட்டெட்டு வினாடியாக நறுக்கி நாடாப்பெட்டிக்குள் தொங்கவிட்டு, அவள் மெட்டை அவன் தன் விரலால் வாசித்திருக்கிறான். அவன் விரலுக்கு என்ன கேடு, கொழுகொழுவென்று இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். மெட்டு போய் நிற்கும் அந்த ஸ்வரம் வந்தபோதெல்லாம் நடுங்கியது. ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அதே நடுக்கம். தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரன் எழுந்து நின்று, "அந்த நடுக்கம்! என்ன ஒரு ஆன்மா!" என்று உருகினான். ஆலை தின்ற விரலின் வலிக்கு மண்டபமே கைதட்டியது. ஸ்டோலெ குனிந்து ஏற்றுக்கொண்டான். நான் வாயிலிருந்த ஆட்டுக்கண்ணைத் தட்டில் துப்பினேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

மறுநாள் ஆலைக்கே போய்ச் சொல்லிப் பார்த்தேன். "டுக்னாட்ல பேர் கேக்கறதா? யோருனா கேட்டா?" என்று முகம் சுளித்தார்கள். திருடியவனை விட்டுவிட்டுக் கேட்டவள்மேல் முகம் சுளிக்கிற ஜனங்கள். உண்மையில் யோருன் கேட்கவே இல்லை, நான்தான் கேட்டேன். அவர்களோடு காப்பி குடிக்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

தட்டு எங்கெங்கோ விற்றது. ஸ்டோலெ ஊர் ஊராகப் போய் வாசித்தான். நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம், யோருனும் நானும் ஜெபவீட்டு ஜன்னலுக்குக் குளிர் புகாமல் பஞ்சடைத்துக்கொண்டிருந்தபோது, தட்டு நிறைய வாஃபிளோடு வந்து நின்றான்.

"யோருன், ஒரு குட்டி டுக்னாட். ஒரே ஒரு ஸ்வரம் போதும். அந்தக் கட்டையைத்தான் எல்லா ஊர்லயும் மறுபடி மறுபடி கேக்கறாங்க, அழுத்தி அழுத்தி நாடா தேஞ்சுபோச்சு."

"மூல நாடா இருக்குமேடா, அதுலேர்ந்து எடுத்துக்கயேன்," என்றேன்.

தன் பூட்ஸைப் பார்த்தான். "அதை அழிச்சு அதுமேல என் ஆர்கனைப் பதிஞ்சுட்டேன். பழைய நாடா இப்போ எங்க கிடைக்குது?"

எனக்கு அவனைத் துடைப்பத்தால் மொத்தலாம்போல வந்தது. யோருன் பையிலிருந்து குழலை எடுத்துத் துண்டு துண்டாகப் பொருத்தினாள். உதட்டில் வைத்தாள். மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மோதிர விரல் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. ஊதினாள். வேறு ஏதோ ஸ்வரம், பாதிக் காற்றாக வந்தது. மறுபடி ஊதினாள், அதே காற்று.

"அந்த நடுக்கத்தோட வேணும் யோருன். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்குது," என்றான் ஸ்டோலெ, பெரிய மனசோடு உற்சாகப்படுத்துகிறவன்போல.

"நடுங்கினப்போ இந்த விரல்ல கொஞ்சம் உயிர் இருந்துச்சு ஸ்டோலெ. இருந்ததை எல்லாம் உன் பெட்டிக்குள்ளதான் ஊதினேன். நீ தேச்சுத் தீத்துட்ட."

அவன் மூலையில் வைத்திருந்த நாடாப்பெட்டியருகே போய் அந்தக் கட்டையை அழுத்தினான். உஸ்ஸென்று ஒரு இரைச்சல் எட்டு வினாடி ஓடி நின்றது. அவன் முகத்தில் முதல்முறையாக ஏதோ உறைத்ததுபோல இருந்தது.

"சரி, அடுத்த பதிப்புல உன் பேரைப் போட்டுடலாம். குழல், யோருன்னு. பெருசாவே போடறேன்."

"எதுக்கு?" என்று கேட்டாள் யோருன். "நீ வாசிச்சதுக்கா?"

அவள் குழலைக் கழற்றி, உள்ளே துணி விட்டுத் துடைத்து, அதன் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு மேசைமேலிருந்த வாஃபிள் தட்டை எடுத்து, ஒன்றைக்கூடத் தொடாமல், அவன் கையிலேயே கொடுத்தாள். டுக்னாட் வாஃபிளைத் திருப்பிக்கொடுத்த ஆளை நான் ஸ்கார்விக்காவில் பார்த்ததே இல்லை. அவனும் பார்த்திருக்கமாட்டான். தட்டைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவன் அங்கே நின்றான், உதட்டுக்குள்ளிருந்த பொட்டலத்தை விரலால் எடுத்தான், கதவு நிலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அதைத் தன் பூப்போட்ட சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு போனான்.